ஏட்டில் ஏறாத ஜனாஸாக்கள்

பொத்துவில் போன்ற கரையோரச் சிற்றூர்களில் மவுத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியாகத்தான் ஊருக்குள் பரவுகின்றது. 'இன்னாலில்லாஹி' என்ற தொடக்கம் காதில் விழுந்ததும் வீதியில் போகின்றவர் சைக்கிளை நிறுத்துவார். கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த சாமானை அப்படியே வைத்துவிட்டுச் செவி சாய்ப்பார். குசினிக்குள் நிற்கும் பெண்கள் கடப்படிக்கு வந்துவிடுவார்கள். யார், யாருடைய மகன், யாருடைய கணவர், ஜனாஸா எத்தனை மணிக்கு, எந்த மையவாடியில் என்று ஐந்து விபரங்கள் சொல்லப்படும். சில மணித்தியாலங்களில் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, நல்லடக்கம் முடிந்துவிடும். ஜனாஸாவைத் தாமதிக்கலாகாது என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கில் நமது ஊர்கள் ஒருபோதும் பின்நின்றதில்லை.

ஆனால், அந்த ஐந்து விபரங்களுக்கு மேலாக அந்த மனிதரைப் பற்றி எழுத்தில் எஞ்சுவது என்ன? அறுபது, எழுபது வருடங்கள் இந்த மணலில் நடந்து, வேளாண்மை வெட்டி, வலை இழுத்து, பிள்ளை பெற்று, வழக்குப் பேசி, பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடித்து வாழ்ந்த ஒருவரைப் பற்றி ஊரில் எந்த ஏட்டிலாவது ஒரு பக்கம் உண்டா? அநேகமாக இல்லை. அண்மையில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களைச் சிறிய சமூகங்கள் எவ்வாறு நினைவில் வைத்தன, அந்த ஏற்பாடு நம்மிடையே எப்படித் தளர்ந்தது, அதனால் நாம் எதை இழந்து வருகின்றோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியும் கத்தமும்

நமது முன்னோரிடம் நினைவுக்கென்று ஓர் ஏற்பாடே இல்லாதிருந்தது என்று சொல்வது தவறு. அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருந்தார். இந்த முறையை அக்கரைப்பற்றில் தங்கியிருந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர். தமிழரும் முஸ்லிம்களும் இந்தத் தாய்வழி ஒழுங்கைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த விதத்தை 2008ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில் அவர் விரிவாகப் பதிந்திருக்கின்றார்.

குடி என்பது கலியாணத்துக்கு மட்டும் பார்க்கப்பட்ட ஒன்றல்ல. அது ஒரு ஞாபக ஏடாகவும் இருந்தது. 'நீ யாருடைய பிள்ளை?' என்ற கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினால் உம்மா, உம்மம்மா, அவருடைய உம்மா என்று நாலு தலைமுறைப் பெண்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஊரெல்லாம் வாப்பாவின் பெயரையே தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ள, இங்கே பெண்களின் பெயர்களை நாவிலே தாங்கி நின்றது குடிதான் எனலாம்.

அடுத்தது கத்தம். மூன்றாம் கத்தம், ஏழாம் கத்தம், நாற்பதாம் கத்தம் என்று ஓதிய வீடுகளில், ஓதி முடிந்து சாப்பாட்டுச் சஹன் வருவதற்கிடையில் பேச்சு முழுவதும் மரித்தவரைப் பற்றியதாகவே இருக்கும். அவர் யானை கலைத்த கதை, பஞ்ச காலத்தில் நெல் பகிர்ந்த கதை, கோபத்தில் மச்சானோடு ஆறு மாதம் பேசாதிருந்து பெருநாளன்று சமாதானமான கதை எல்லாம் அங்கே வெளிவரும். பாயின் ஓரத்தில் குந்தியிருக்கும் சிறுவர்களின் காதுகளுக்குள் ஒரு மனிதனின் வரலாறு இப்படித்தான் இறங்கியது.

கத்தம் ஓதுவது பற்றி நம்மிடையே மார்க்கக் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் புகுவது இங்கு தேவையற்றது. ஓதுவோரும் ஓதாதோரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு விடயம் இருக்கின்றது. அந்தக் கூட்டத்தோடு கூடவே கதைசொல்லும் வேளையும் பல வீடுகளில் இல்லாமற் போயிற்று. அதற்கு ஈடாக வேறொன்றை நாம் வைக்கவில்லை. குடிமுறையும் அவ்வாறே. இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் 'உனது உம்மம்மாவின் உம்மாவுடைய பெயர் என்ன?' என்று கேட்டால் வகுப்பில் இரண்டு மூன்று கைகளே உயரும். மீதிப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்வார்கள். கேட்டுச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கும் வரைக்கும் அது சரிதான்.

கபுறின் தலைமாட்டில் நடும் மீசானும் நமக்கு நெடுநாள் உதவுவதில்லை. கரையோர மணலில் மரப்பலகை உக்கிப்போகும். கபுறின்மேல் எழுதுவதையும் கட்டுவதையும் விரும்பாத உலமாக்கள் அநேகர். அதற்கு ஹதீஸ் ஆதாரங்களும் காட்டப்படுகின்றன. ஆகவே நமது மையவாடிகளில் வரலாறு தேடி யாரும் போக முடியாது. ஆனால் கல்லில் எழுதுவதை மறுத்தவர்கள் யாரும் ஏட்டில் எழுதுவதை மறுத்ததில்லை. உண்மையில், ஏட்டில் எழுதுவதில் உலகிலேயே முன்நின்ற சமூகங்களுள் ஒன்று நமது சமூகமாகும்.

வஃபாத்தை எழுதிய மரபு

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கி.பி. 845இல் பக்தாதில் மறைந்த இப்னு ஸஃது, நபித்தோழர்களையும் அவர்களுக்குப் பின்வந்தோரையும் தலைமுறை தலைமுறையாக வகுத்து 'தபகாத்' என்ற பெருநூலை எழுதினார். ஹதீஸைச் சொன்னவர் யார், எங்கே வாழ்ந்தார், எப்போது மரித்தார், அவருடைய பேச்சை நம்பலாமா என்பது தெரியாமல் ஹதீஸை ஏற்க முடியாது. இந்தத் தேவையிலிருந்தே வாழ்க்கைக் குறிப்பு எழுதும் கலை முஸ்லிம்களிடையே வேகமாக வளர்ந்தது. இப்னு ஸஃது தமது நூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது.

அவருக்குப் பின் 1211இல் இர்பிலில் பிறந்து, டமஸ்கஸில் காழியாக இருந்து, 1282இல் மறைந்தவர் இப்னு கல்லிகான். 'வஃபயாத்துல் அஃயான்' என்ற அவருடைய நூலின் பெயரிலேயே வஃபாத் இருக்கின்றது. எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் வாழ்க்கையை அதில் எழுதினார். மரித்த ஆண்டு தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை என்ற விதியைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். கவிஞர், அமைச்சர், வைத்தியர், இலக்கணக்காரர் என்று பலதரப்பட்டோரும் அதில் இடம்பெற்றனர். கெய்ரோவில் பிறந்து 1497இல் மறைந்த அஸ்ஸகாவி, தமது நூற்றாண்டில் வாழ்ந்தோரைப் பற்றிப் பன்னிரண்டு பாகங்களில் எழுதியபோது, கடைசிப் பாகம் முழுவதையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்தார். அவர்களில் பலரும் தமது காலத்தவர். அண்மையில் மரித்தவர்கள் அல்லது உயிரோடிருந்தவர்கள்.

தமிழிலும் இம்மரபுக்கு வாரிசுகள் உண்டு. தமிழகத்தில் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் தனியொருவராக நின்று முஸ்லிம் தமிழ்ப் புலவர்களைப் பற்றியும், பின்னர் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத் தொகுதிகளையும் எழுதினார். இலங்கையில் கலாநிதி ம.மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு வரலாறு அமைத்தார். உடத்தலவின்னையைச் சேர்ந்த பீ.எம். புன்னியாமீன், இலங்கையின் எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் ஆகியோரின் விபரத்திரட்டைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வந்தார். 2016இல் அவர் மறைந்தபோது அப்பணிக்குத் தோள் கொடுத்த ஒருவரை நாம் இழந்தோம். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

எனினும் இவையெல்லாம் பேர்பெற்றோரின் வரலாறுகள். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து, யுத்தகாலப் பஞ்சத்தில் நெற்செய்கைக்குப் புதிய காணிகள் திறக்கக் காரணராயிருந்த ஏ.எம்.ஏ. அஸீஸை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அவர் திறந்துவிட்ட காட்டை வெட்டி, மலேரியாவோடு மல்லுக்கட்டி வயலாக்கிய கைகளுக்குச் சொந்தக்காரர் யார் யார்? 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த எம்.எச்.எம். அஷ்ரஃபின் நினைவு நாள் ஆண்டுதோறும் வருகின்றது. அதே ஹெலிகொப்டரில் அவரோடு மரித்த மற்றையோரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? தலைவர்களின் நினைவில் தவறில்லை. தலைவர்களோடு வரலாறு முடிந்துவிடுகின்றது என்று நாம் எண்ணிக்கொண்டதே தவறு.

பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சகோதரர்களைப் பார்த்தால் இந்த விடயத்தில் நாம் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலும் ஏனைய தமிழ் ஊர்களிலும் மரணத்தின் முப்பத்தோராம் நாளை ஒட்டி 'கல்வெட்டு' அல்லது நினைவுமலர் என்ற சிறு புத்தகம் அச்சிடுவது வழக்கம். தேவாரத் திருவாசகங்களோடு மரித்தவரின் பிறப்பு, கல்வி, தொழில், வம்சவழி என்பவையும் அதில் இடம்பெறும். எழுதியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆசிரியர்கள், புலவர்கள். சாதாரண கடைக்காரருக்கும் குடும்பத் தலைவிக்கும் இப்படிக் கல்வெட்டு அச்சாகியது. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களையும் சேகரித்து வைத்திருப்பதால், ஒரு கிராமத்தின் வரலாற்றை எழுத முனைவோருக்கு அவை இன்று மூலாதாரங்களாகிவிட்டன. நமது சடங்குகள் வேறு, நம்பிக்கை வேறு. ஆனால் ஒரு மனிதன் வாழ்ந்தான் என்பதை எழுதி வைக்க மார்க்க வேறுபாடு தடையாகாது.

மனிதர் எண்ணிக்கையாகிய காலங்கள்

அரசாங்கத்தின் ஏட்டிலாவது நம்மவர்கள் இருக்கின்றார்களே என்று சிலர் கேட்கலாம். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டமாகிவிட்டது. இறப்புச் சான்றிதழில் பெயர், வயது, இனம், தொழில், மரணத்துக்கான காரணம், புதைத்த அல்லது தகனம் செய்த இடம் என்று நிரல்கள் உள்ளன. காணி உறுதிக்கும் ஓய்வூதியத்துக்கும் அது வேண்டியதுதான். ஆனால் ஐம்பது வருடம் பன்பாய் இழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஓர் உம்மாவுக்கு அந்தத் தொழில் நிரலில் என்ன எழுதப்பட்டிருக்கும் என்பதை வீட்டிலுள்ள பழைய சான்றிதழை எடுத்துப் பார்ப்பவர்கள் தாமே அறிந்துகொள்ளலாம்.

கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நமது மரணங்கள் பல வேளை இந்த அளவுக்குக்கூடப் பதியப்படாமல் வெறும் தொகைகளாகிப் போயின.

1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளின் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். காத்தான்குடிப் பள்ளிச் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்கள் பேணப்படுகின்றன. ஆகஸ்ட் 3 ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூரப்படுகின்றது. அந்த ஊரார் மறதியை வெல்ல எடுத்த முயற்சி பாராட்டத்தக்கது. இருந்தும் பத்திரிகைகளிலும் அறிக்கைகளிலும் நூற்று மூன்றா, நூற்று நாற்பதா என்ற எண்ணிக்கை விவாதமே இன்றுவரை மேலோங்கி நிற்கின்றது. ஸஃபில் நின்றவர்கள் யார், என்ன தொழில் செய்தார்கள், அன்று காலையில் எங்கே போய்வந்தார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை வந்த கடல், இலங்கையின் எல்லா மாவட்டங்களையும் விட அம்பாறையிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மரித்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது தொடக்கம் பொத்துவில், உல்லை வரை கரையோரம் சிதைந்தது. குளிப்பாட்டவும் கபனிடவும் அவகாசமின்றிப் பெருங்குழிகளில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. நீரில் மூழ்கி மரித்தோருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்ற நபிமொழி அந்நாட்களில் நமக்கு ஆறுதலாயிற்று. உடல் கிடைக்காதோரின் மரணத்தைப் பதிவதற்காக 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் ஒன்றே கொண்டுவரப்பட்டது. சான்றிதழ் கிடைத்தது, நிவாரணம் கிடைத்தது, வீட்டுத்திட்டம் வந்தது. எவர் எவர் போனார்கள் என்பதை ஒழுங்கை ஒழுங்கையாக எழுதும் வேலையை எந்த நிறுவனமும் செய்து தரவில்லை. அது நிறுவனங்களின் வேலையுமல்ல.

2006 செப்டம்பர் 17இல் நிகழ்ந்தது பொத்துவிலின் சொந்தத் துக்கம். பாணமைப் பக்கமாக உள்ள இறத்தல்குளத்தில் வேலைக்குச் சென்ற பத்துத் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றவர் யார் என்பதில் அரசாங்கம் ஒன்று சொல்ல, ஊரார் பலர் வேறொன்று சொன்னார்கள். அந்த ஆண்டின் இறுதியில் நீதியரசர் நிஸ்ஸங்க உடலாகம தலைமையில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குப் பதினாறு சம்பவங்கள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் இதுவும் ஒன்று. அந்தப் பட்டியலில் அவர்கள் 'பத்து முஸ்லிம் கிராமவாசிகள்'. 2009இல் ஆணைக்குழுவின் காலம் முடிந்தது. அறிக்கை பகிரங்கமானது 2015இல். நீதி என்பது ஒரு பெரிய சொல். அது கிடைக்கும் வரை ஊர் காத்திருக்கட்டும். ஆனால் அந்தப் பத்துப் பேரும் யார் என்பதை எழுத நாம் யாருடைய அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களது பெயர்களை நான் இங்கு வரிசைப்படுத்தாமைக்குக் காரணம், அவை வீட்டார் சொல்ல, அவர்களின் சம்மதத்தோடு ஊர் எழுதவேண்டிய பெயர்கள் என்பதே.

2020இல் வந்த நோய் இன்னொரு விதமான இழப்பைக் கொண்டுவந்தது. ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி, கொவிட் தொற்றால் மரித்தோரைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியும் கேட்பாரில்லை. டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டபோது பொரளை மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, ஏனைய சமயத்தவரும் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி திருத்தப்பட்டு, மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் ஆரம்பமாயிற்று. அப்போது நாட்டின் தூர மூலைகளிலிருந்தும் ஜனாஸாக்கள் அங்கே போகவேண்டியிருந்தது. பொத்துவிலிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். ஒரு சில உறவினர் மட்டுமே கூடப்போக முடிந்தது. ஓராண்டு காலத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த மண்ணில் அடக்கப்பட்டனர். ஏனைய சமயத்தவர் சிலரும் அவர்களுள் உளர். 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அக்காலத்தில் நாம் உரத்துப் பேசியது உரிமையைப் பற்றி. அது பேசப்படவேண்டியதே. ஆனால் எரிக்கப்பட்டவரும் மஜ்மா நகரில் அடங்கியவரும் உரிமைப் போராட்டத்தின் சான்றுகள் மட்டுமல்லர். ஊர் கூடித் தொழுவிக்காத, வீட்டில் கூட்டம் கூடாத, கதை பேசப்படாத ஜனாஸாக்கள் அவை. அவர்களைப் பற்றிய கதைகள் அவர்களோடு வாழ்ந்த ஒருசிலரின் நெஞ்சில் மட்டும் இருக்கின்றன. அந்த ஒருசிலரும் வயதானவர்கள்.

கூடவே போகும் வித்தைகள்

ஒரு சிற்றூரில் ஒருவர் மவுத்தாகும்போது அவரோடு ஒரு வித்தையும் புதைகின்றது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் இரவில் அரிக்கன் லாம்போடு வந்து பிள்ளை பெறுவித்த மருத்துவிச்சிமார் ஒவ்வொரு ஊரிலும் இருந்தனர். தலைமுறையொன்று முழுவதும் அவர்கள் கையில்தான் இவ்வுலகைக் கண்டது. எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வீடுகள், என்ன மருந்து, என்ன துஆ என்பதெல்லாம் எங்கே எழுதப்பட்டன?

கரவலை வளைக்கக் கடல் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டத்தைச் சொன்ன மண்டாடி, தோணி செய்த ஓடாவி, வட்டைக்கு நீர்ப்பங்கீட்டில் ஒருவரும் குறைசொல்லாதபடி முறைவைத்த வட்டவிதானை, லாகுகலைக் காட்டு யானைக்கு அஞ்சிப் பரணில் இராக்காவல் இருந்து கவி படித்த சேனைக்காரர், பொல்லடி பழக்கிய அண்ணாவிமார், கந்தூரிக்குப் பெருஞ்சட்டியில் சோறாக்கிய சமையற்காரர், எழுத்தே தெரியாமல் நூற்றுக்கணக்கில் நாட்டார் கவி சொன்ன மூத்தம்மாமார் ஆகியோர்தான் நமது பண்பாடு. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் சாய்ந்தமருதின் எஸ்.எச்.எம். ஜெமீல் முக்கியமானவர். அவர்களைப் போன்றோரின் உழைப்பால் பாடல்கள் ஓரளவு மிஞ்சின. ஆனால் பாடியவர் யார், அவருடைய வாழ்வு எப்படி இருந்தது என்பது பாடலோடு மிஞ்சவில்லை. பாடல் 'நாட்டார் பாடல்' ஆகிவிட்டது. பாடிய பெண் பெயரற்றவளாகிவிட்டாள்.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. நாம் கதைகளில் மருத்துவிச்சியையும் போடியாரையும் மீனவரையும் பாத்திரங்களாக்கி எழுதியிருக்கின்றோம். மருதமுனையின் மருதூர்க்கொத்தன் போன்றோர் இந்த மண்ணின் பேச்சையும் வறுமையையும் சிறுகதைக்குள் கொண்டுவந்தனர். ஆனால் பாத்திரம் வேறு, மெய்யாக வாழ்ந்த ஆள் வேறு. கற்பனைக்குப் பெயர் மாற்றிக் கொடுத்த நாம், மெய்யாளுக்கு அவருடைய சொந்தப் பெயரைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

எழுதும் முறை

நினைவுக் குறிப்பு என்றதும் நமக்குப் பழக்கமான ஒரு நடை இருக்கின்றது. 'அன்னார் பண்பாளர், பரோபகாரி, எல்லோருடனும் அன்பாகப் பழகுபவர், அவரது இழப்பு ஈடுசெய்ய முடியாதது.' பெயரை மாற்றிவிட்டால் இந்த வாக்கியங்கள் யாருக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துவது ஒருவரையும் அடையாளம் காட்டாது. மரித்தோரின் நல்லவற்றை எடுத்துச் சொல்லும்படிதான் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கின்றது. நல்லவற்றைச் சொல்வதென்றால் என்ன நல்லது, எப்போது, யாருக்கு என்று சொல்லவேண்டும். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வாழ்வை எழுதிய அறிஞர்கள் புகழ்மொழியை மட்டும் அடுக்கவில்லை. எங்கே பயணித்தார், யாரிடம் கற்றார், முதுமையில் ஞாபகசக்தி குன்றியதா என்பது வரை எழுதினார்கள்.

ஆகவே ஒரு சாதாரண கொப்பியில் எழுதத்தக்கவை இவையெனலாம்: பெயரும் ஊரார் அழைத்த பெயரும், பிறந்த ஆண்டு, தெரியாவிட்டால் எந்த வெள்ளத்துக்கு அல்லது சூறாவளிக்கு முன்பின் என்பது (1978 நவம்பர்ச் சூறாவளி நமது பக்கத்தில் பலருக்கு ஆண்டுக்கணக்கின் அடையாளக் கல்), உம்மாவின் பெயர், உம்மம்மாவின் பெயர், குடி, படித்த இடம் அல்லது படிக்காமற் போன காரணம், செய்த தொழிலும் அதன் நுட்பமும், வாழ்ந்த வளவு, செய்த வயல், இடம்பெயர்ந்த காலம், அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு, அவரைத் தவிர வேறெவருக்கும் நடந்திராத ஒரு சம்பவம், மரித்த நாள், அடக்கிய இடம். இரண்டு பக்கம் போதும். அதைச் சொன்னவர் யார், எழுதியவர் யார், எழுதிய திகதி என்ன என்பதையும் கீழே குறிக்கவேண்டும். ஸனதை உலகுக்குக் கற்பித்த சமூகம் அதை விட்டுவிடலாகாது.

பெண்களுடைய பக்கம் ஆண்களுடைய பக்கத்தைவிடச் சிறிதாகிவிடாமல் பார்ப்பது அவசியம். ஒலிபெருக்கி அறிவித்தலில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்பதற்குப் பின்னாலே அவருடைய பெயர் வருகின்றது. சில வேளை வராமலே போகின்றது. ஐந்நூறு வருடங்களுக்கு முன் கெய்ரோவில் ஓர் ஆலிம் ஆயிரம் பெண்களுக்கு ஒரு பாகம் ஒதுக்கினார் என்பதை நினைக்கும்போது, நமது ஊர்ப் பெண்களுக்கு ஒரு கொப்பி ஒதுக்குவது அதிகமாகாது.

சச்சரவான விடயங்களை எப்படி எழுதுவது என்ற கேள்வி எழும். குடும்ப வழக்கையும் கடனையும் கிளறுவது நினைவுகூரலாகாது. வீட்டார் விரும்பாததை எழுதாமல் விடலாம். ஆனால் இல்லாத புகழை ஏற்றுவதையும் தவிர்க்கவேண்டும். கோபக்காரரைச் சாந்தசொரூபி என்று எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் ஏமாறுவார்கள். கோபக்காரர், ஆனால் பிறர் பிள்ளையின் பசியைக் கண்டால் பொறுக்கமாட்டார் என்று எழுதினால் ஆள் கண்முன் நிற்பார்.

இந்த வேலைக்கு மூன்று இடங்கள் பொருத்தமானவை. முதலாவது பள்ளிவாசல். ஜனாஸா அறிவித்தல் செய்யும் அதே இடத்தில் ஒரு பதிவேடு இருக்கட்டும். நாற்பது நாளுக்குள் வீட்டார் தங்கள் இரண்டு பக்கத்தைக் கொடுக்கட்டும். இரண்டாவது பாடசாலை. வரலாறு பாடத்தில் பிள்ளைகள் பொலன்னறுவையையும் பிரெஞ்சுப் புரட்சியையும் படிக்கின்றார்கள், படிக்கவேண்டும். அதோடு தங்கள் ஒழுங்கையிலுள்ள மூத்தவரிடம் ஒரு பின்னேரம் இருந்து கேட்டு எழுதுவதும் வரலாற்றுப் பயிற்சியே. ஆசிரியர் கலாசாலையில் நாம் கற்ற செயற்றிட்ட முறைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. மூன்றாவது நமது சஞ்சிகைகள். ஒவ்வோர் இதழிலும் ஓரிரு பக்கங்களை அந்தக் காலாண்டில் மரித்த சாதாரணர் ஒருவருக்குக் கொடுக்கலாம். கவிதைக்கு இடம் குறைந்துவிடும் என்று யாரும் குறைப்பட மாட்டார்கள்.

கொப்பிகள் கறையானுக்கும் மழைக்கும் தப்பவேண்டும். சுனாமி நமது வீடுகளின் உறுதிகளையும் படங்களையும் ஒரே காலையில் கொண்டுபோன கதை நமக்குத் தெரியும். ஆதலால் ஒரு பிரதி பள்ளிவாசலிலும், ஒரு பிரதி கடலுக்குத் தூரமான இடத்திலும், படமெடுத்த ஒரு பிரதி எண்ணிம நூலகத்திலும் இருப்பது நன்று. இன்று ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கைத்தொலைபேசி இதற்குப் போதும்.

1942இல் நெல் விளைவிக்கக் காடு வெட்டியவர்களை நேரிற் கண்டவர்கள் இப்போது மிகச் சிலரே. 1978 சூறாவளியில் கூரை பறந்த இரவைச் சொல்லக்கூடியவர்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். 2004இல் கையிலிருந்து பிள்ளை நழுவியதைச் சொல்ல நா எழாத உம்மாமாருக்கும் முதுமை வந்துவிட்டது. இவர்களுள் ஒருவருடைய பெயர் எந்த வக்திலும் ஒலிபெருக்கியில் வரக்கூடும். அதற்கு முன்பு ஒரு பின்னேரம் அவருடைய திண்ணையில் போய் இருந்து, பேனையைத் திறந்து, 'உங்கட உம்மாட பேரென்ன?' என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம்.